எழுத்துப் பிழையும் வீட்டுப் பயிற்சியும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

குழந்தைகள் தமிழைப் பிழையின்றி எழுத வீட்டில் எவ்வாறு உதவுவது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து, பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன். இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றைத் தமிழாசிரியையாகப் பணியாற்றிய காலத்தில் பெற்றோர்களிடமிருந்து நேரிலேயே கேட்டிருக்கிறேன் என்பதால், விடைகள் சற்று நீண்டுவிட்டன.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். சொல்வதை எழுதும்போது ல, ள, ழ மூன்றையும் ர, ற இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறான். பிழையான ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதி வரச் சொல்கிறார்கள். அழுதுகொண்டே எழுதி முடிக்கிறான். அடுத்த வாரம் அதே பிழை மறுபடியும் வருகிறது. நான் என்ன செய்யலாம்? (ஒரு தாய், மதுரை)

பதில்: பத்து முறை எழுதினால் கையெழுத்து வேண்டுமானால் சீராகலாம், எழுத்துப் பிழை அதனால் நீங்குவது அரிது. முதல் ஓரிரு முறை மூலச் சொல்லைப் பார்த்து எழுதும் குழந்தை, அதன் பிறகு தான் எழுதிய மேல்வரியைப் பார்த்தே கீழ்வரியை எழுதுகிறது. மேல்வரியில் பிழை நுழைந்திருந்தால் அதுவும் கடைசி வரி வரை இறங்கி வருகிறது. விரைவாக முடிப்பதற்காக முதலெழுத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பத்து முறையும், அடுத்து இரண்டாம் எழுத்தைப் பத்து முறையும் எழுதும் குழந்தைகள் உண்டு. அப்படி எழுதும்போது சொல் முழுமையாக மனத்தில் ஒரு முறைகூடப் பதிவதில்லை.

எத்தனை பிழை என்று எண்ணுவதை முதலில் நிறுத்திவிடுங்கள். கடந்த சில வாரங்களில் அவன் பிழையாக எழுதிய சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒரே வகையானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இருபது பிழைகள் போலத் தோன்றியவை இரண்டு அல்லது மூன்று இனங்களுக்குள் அடங்கிவிடும். தமிழில் பெரும்பாலான எழுத்துகள் ஒலிக்கிறபடியே எழுதப்படுகின்றன. ல-ள-ழ, ர-ற, ந-ன-ண, மெய் இரட்டிக்கும் இடங்கள், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஆகிய சில இடங்களில்தான் குழந்தைகள் மிகுதியாக இடறுகிறார்கள். எந்த இடத்தில் இடறுகிறான் என்று தெரிந்துவிட்டால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பழக்கலாம்.

அடுத்து, சொற்களைச் சொல்லும் நம் நாவைக் கவனிக்க வேண்டும். தங்கள் பகுதியில் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று ஒலிப்பவர் மிகுதி. வடமாவட்டங்களில் அது ‘பயம்’ ஆவதும் உண்டு. வலி, வளி, வழி மூன்றையும் ஒரே மாதிரி ஒலித்துவிட்டு, அவற்றைப் பிரித்து எழுதும்படி குழந்தையிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. நாநுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொட்டால் ல. நாநுனி வளைந்து மேல் அண்ணத்தைத் தொட்டால் ள. அதே போல வளைந்து, முழுவதும் ஒட்டாமல் அண்ணத்தை வருடினால் ழ. தாங்கள் முதலில் தனியாகச் சொல்லிப் பழகிக்கொண்டு, பிறகு கண்ணாடியின் முன் இருவரும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். தனிச் சொல்லாகச் சொல்லாமல், ‘காலில் வலி’, ‘ஊருக்குப் போகும் வழி’ என்று தொடராகச் சொன்னால் பொருளைக் கொண்டும் அவனால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

வால், வாள், வாழ் என்று மூன்றையும் அருகருகே வைத்துக் கற்பிப்பது பயிற்சி நூல்களில் வழக்கமாக இருக்கிறது. ஏற்கெனவே குழம்பியிருக்கும் குழந்தைக்கு இம்முறை குழப்பத்தை மிகுவிக்கும் என்பது என் கருத்து. ஒரு வாரம் முழுவதும் ழகரச் சொற்களை மட்டும், ஒரே வேரிலிருந்து கிளைத்த குடும்பங்களாகக் கொடுங்கள்: வாழ், வாழ்வு, வாழ்க்கை, வாழ்த்து; எழுது, எழுத்து; உழு, உழவு, உழவர். வேரில் இருக்கும் ழகரம் கிளைகளிலும் தொடர்வதை அவனே கண்டுகொள்வான்.

வினைச்சொற்களில் ஐயம் வந்தால் அவற்றின் இறந்த காலத்தைச் சொல்லிப் பார்க்கப் பழக்குங்கள். செல், நில், கல் ஆகியவை சென்றான், நின்றான், கற்றான் என்று றகரத்தோடு வருகின்றன. கேள், ஆள், மீள் ஆகியவை கேட்டான், ஆண்டான், மீண்டான் என்று டகரத்தோடு வருகின்றன. வாழ், வீழ், மகிழ் ஆகியவற்றில் வாழ்ந்தான், வீழ்ந்தான், மகிழ்ந்தான் என்று ழகரம் அப்படியே நிற்கிறது. இது எல்லா வினைகளுக்கும் பொருந்தாது என்றாலும், குழந்தை அன்றாடம் எழுதும் வினைகள் பலவற்றுக்குப் பொருந்தும்.

ர, ற ஐயத்துக்கு அவன் பேச்சுத் தமிழே துணை செய்யும். சோறு, ஆறு, கயிறு, வயிறு, கிணறு ஆகிய பெயர்ச்சொற்களோடு ‘இல்’ சேர்த்துப் பேசச் சொன்னால் சோத்துல, ஆத்துல, கயித்துல, வயித்துல, கெணத்துல என்பான். ஊர், தேர், மோர் என்றால் ஊருல, தேருல, மோருல என்பான். பேச்சில் ‘த்து’ என்று மாறும் பெயர்ச்சொல்லில் இருப்பது வல்லின றகரம். ஊர், தேர் போல மாறாமல் நிற்பதில் இருப்பது இடையின ரகரம். வினைச்சொற்களில் மட்டும் இச்சோதனையைச் செய்ய வேண்டாம். ‘பார்த்து’ என்பதும் பேச்சில் ‘பாத்து’ ஆகிவிடுவதால் அங்கே அது வழிதவறச் செய்யும்.

எழுதிப் பார்க்கும் முறை இதுதான்: சொல்லை நன்றாகப் பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும், பிறகு திறந்து தானே ஒப்பிட வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். அதே சொற்களை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் கேளுங்கள். மூடிவிட்டு ஒரு முறை எழுதுவது, பார்த்துப் பத்து முறை எழுதுவதைக் காட்டிலும் அதிக உழைப்பைக் கேட்கிறது. அந்த உழைப்புதான் சொல்லை மனத்தில் நிறுத்துகிறது. இதை வகுப்பாசிரியரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லி, பத்து முறைக்கு மாற்றாக இப்பயிற்சியை ஏற்கும்படி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி எலை, ஒடம்பு, காத்து, மூணு என்று பேசுவது போலவே எழுதுகிறாள். வீட்டில் நாங்கள் பேசும் கொச்சைத் தமிழே இதற்குக் காரணம் என்கிறான் என் மகன். அவளிடம் இனிச் செந்தமிழில் பேச வேண்டுமா? மேலும், நான் பழைய முறையில் துதிக்கை போட்டு எழுதும் ‘லை’ அவளைக் குழப்புமா? (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம் ஐயா. தங்கள் பேத்தி காதில் விழுந்ததை அப்படியே எழுத்தாக்கும் திறனைப் பெற்றுவிட்டாள். ‘எலை’ என்று கேட்டதை ‘எலை’ என்று எழுதும் குழந்தைக்கு ஒலியைப் பகுக்கவும் தெரிகிறது, அதற்குரிய எழுத்தைத் தேடவும் தெரிகிறது. பேசும் தமிழும் எழுதும் தமிழும் சில இடங்களில் வேறுபடும் என்ற செய்தி மட்டுமே அவளுக்கு இன்னும் சொல்லப்படவில்லை. தாத்தா பாட்டியின் பேச்சைத் தவறு என்று சொல்லி இச்செய்தியைக் கற்பித்தால், குழந்தை எழுதுவதற்கு மட்டுமின்றிப் பேசுவதற்கும் தயங்கும்.

ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் ‘பேசுவது’ என்றும் மறுபுறம் ‘எழுதுவது’ என்றும் தலைப்பிடுங்கள். அவள் எழுதும் சொற்களை அதில் சேர்த்துக்கொண்டே வந்தால், மாற்றங்கள் ஓர் ஒழுங்கோடு நிகழ்வதை அவள் கவனிப்பாள். காத்து காற்று, நேத்து நேற்று, சேத்துல சேற்றில் என்பவை ஒரு வரிசை. மூணு மூன்று, ஒண்ணு ஒன்று, கன்னு கன்று என்பவை இன்னொரு வரிசை. அஞ்சு ஐந்து, காஞ்சு காய்ந்து, மேஞ்சு மேய்ந்து என்பவை மற்றொன்று. பத்து, முத்து, பஞ்சு, பிஞ்சு போல இரண்டு பக்கமும் மாறாமல் இருப்பவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். இல்லையெனில் ‘பத்து’ என்பதையும் ‘பற்று’ என்று திருத்தத் தொடங்கிவிடுவாள்.

எலை, வெலை, நெலம், கொடம், ஒலகம் ஆகியவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வரும்போது, சொல்லின் முதலில் நிற்கும் இகரம் பேச்சில் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் நெகிழ்கின்றன. கிளி, புலி, துணி போன்றவற்றில் அவ்வாறு நெகிழ்வதில்லை. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு இதை விதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் அறிந்திருந்தால் எந்தச் சொற்களில் அவள் தடுமாறக்கூடும் என்பதை முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளலாம்.

தங்களால் மட்டுமே செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. நாள்தோறும் சிறிது நேரம் சிறுவர் கதையையோ செய்தித்தாளின் எளிய பகுதியையோ, அச்சில் உள்ளபடியே, நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள். தாங்கள் படிக்கும் வரியை அவள் விரலால் தொடர்ந்து வரட்டும். ‘உடம்பு’ என்ற வடிவத்தைக் கண்ணாலும் காதாலும் ஒரே நேரத்தில் பலமுறை பெற்ற குழந்தைக்கு அதை எழுதுவதில் சிரமம் இருக்காது. படித்து முடித்த பின் அந்தக் கதையைப் பற்றித் தங்கள் வழக்கமான பேச்சிலேயே உரையாடுங்கள்.

பழைய ‘லை’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகிய பதின்மூன்று எழுத்துகளின் இன்றைய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. பாடநூல்களிலும் இவையே உள்ளன. அவள் பார்த்து எழுத வேண்டியவற்றை இன்றைய வடிவத்தில் எழுதிக்கொடுங்கள். பழைய கடிதங்களையும் நூல்களையும் காட்டித் துதிக்கை வடிவத்தைப் பிற்பாடு அறிமுகப்படுத்தினால் மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்வாள்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. 247 எழுத்துகளையும் எழுதப் பழகிய பிறகுதான் சொற்களைத் தொடங்க வேண்டும் என்கிறார் என் மாமியார். இது சரியா? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. ட, ப, ம ஆகிய மூன்று எளிய எழுத்துகளும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று எழுதிவிடலாம். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம் வந்துவிடும். படித்தால் பொருள் தரும் சொற்களை எழுதும் குழந்தைக்கு அடுத்த எழுத்தின் மேல் ஆசை பிறக்கிறது. மாமியார் விரும்பும் எழுத்து வரிசையை வாய்ப்பாடமாக, பாட்டாகச் சொல்லித்தரும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். அகராதி பார்க்கும் வயதில் அந்த வரிசை மிகவும் பயன்படும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் முயற்ச்சி, காட்ச்சி என்று தேவையில்லாத மெய்யைச் சேர்க்கிறாள்; வாழ்கை, மகிழ்சி என்று தேவையானதை விட்டுவிடுகிறாள். ‘அந்த பையன்’ என்று எழுதினால் மதிப்பெண் குறைகிறது. இவற்றுக்கு எளிய வழி உண்டா? (ஒரு தந்தை, திருநெல்வேலி)

பதில்: முதல் இரண்டுக்கும் தெளிவான விதி உண்டு. ட், ற் ஆகிய இரண்டு மெய்களுக்குப் பின் இன்னொரு மெய்யெழுத்து வராது. எனவே முயற்சி, பயிற்சி, கற்பனை, காட்சி, ஆட்சி, நட்பு என்று எழுத வேண்டும். புள்ளி வைத்த ட் அல்லது ற் எழுதியவுடன், அடுத்து வருவது உயிர்மெய்தானா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இப்பிழை நின்றுவிடும்.

ய், ர், ழ் ஆகிய மூன்றின் பின் இன்னொரு மெய் வரலாம். ஆனால் எப்போதும் வர வேண்டும் என்பதில்லை. வாழ்க, வாழ்க்கை என்ற இரண்டையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். ‘வாழ்க’ என்பதில் ககரம் மென்மையாக ஒலிக்கிறது. ‘வாழ்க்கை’யில் அழுத்தமாக ஒலிக்கிறது. அழுத்தமாக ஒலித்தால் மெய் இரட்டிக்கும்: மகிழ்ச்சி, வளர்ச்சி, வாய்ப்பு, பார்க்க. மென்மையாக ஒலித்தால் இரட்டிக்காது: செய்கிறான், மார்கழி, சார்பு. ஒலித்துப் பார்த்து எழுதும் பழக்கத்தை ஏழாம் வகுப்பிலேயே உறுதிப்படுத்திவிடுவது நல்லது.

‘அந்தப் பையன்’ என்பது சொற்கள் புணரும் இடம். வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று இலக்கண நூல் தரும் நீண்ட பட்டியலை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும், அப்படி, இப்படி, எப்படி என்பவற்றுக்குப் பின்னும், ‘ஐ’ உருபுக்குப் பின்னும், ‘கு’ உருபுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் அந்த வல்லினம் மிகும்: எந்தக் கடை, அப்படிச் சொன்னான், வீட்டைக் கட்டினான், ஊருக்குப் போனான். இந்த நான்கையும் உறுதியாகப் பற்றிக்கொண்டாலே அவள் கட்டுரையில் ஒற்றுப் பிழைகள் பெரும்பாலும் குறைந்துவிடும். ‘அது, இது’ என்பவற்றுக்குப் பின்னும், ‘படித்த பையன்’, ‘வந்த குதிரை’ போன்ற இடங்களிலும் மிகாது என்பதை அடுத்த கட்டமாகச் சேர்க்கலாம்.

இந்த வயதில் கற்பிக்க வேண்டிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தந்நகரம் (ந) சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வரும். மற்ற இடங்களில் பெரும்பாலும் றன்னகரமே (ன) வரும். தந்நகரத்தில் தொடங்கும் சொல் மற்றொரு சொல்லோடு சேரும்போதும் அந்தத் தந்நகரம் பெரும்பாலும் நிலைக்கும் என்பதால் வெந்நீர், தேநீர், முந்நூறு, செந்நிறம் என்று எழுத வேண்டும். ‘முன்னூறு’, ‘வென்னீர்’ என்ற பிழைகள் பெரியவர்களின் எழுத்திலும் பரவியிருக்கின்றன. தண்ணீர், தொண்ணூறு ஆகியவை இதற்கு விலக்கு. அங்கே மூன்று சுழி ணகரம் வரும்.

கேள்வி: பத்து வயது மகன் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளில் தட்டி, திரையில் வரும் தமிழ்ச் சொற்களில் ஒன்றைத் தொட்டு அனுப்புகிறான். கையால் எழுதும்போது எழுத்துகள் நினைவுக்கு வருவதில்லை. கைப்பேசியை விலக்கிவிட வேண்டுமா? (ஒரு தாய், சிங்கப்பூர்)

பதில்: தமிழில் செய்தி அனுப்பும் ஆர்வத்தைத் தடுக்க வேண்டாம், தட்டும் முறையை மட்டும் மாற்றுங்கள். ஆங்கில எழுத்து வழியாகத் தட்டும்போது எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. 1999-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ, ந, ன, ண ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு. எந்த எழுத்து என்று அவனே முடிவு செய்துதான் தட்ட வேண்டும். கைப்பேசி அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, சொற்களை முன்கூட்டியே காட்டும் வசதியை நிறுத்திவையுங்கள். கையால் எழுதுவதற்கும் ஓர் உண்மையான தேவையை ஏற்படுத்துங்கள். ஊரில் இருக்கும் உறவினருக்கு மாதந்தோறும் ஒரு சிறு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்க்கட்டும்; அவர்களும் தமிழிலேயே பதில் எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் கதை சொன்னால் அருமையாகச் சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுத்துகளை விட்டுவிடுகிறான். நேற்று எழுதிய சொல் இன்று தெரிவதில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் இன்னும் அரும்பு நிலையிலேயே இருக்கிறான். சோம்பேறி என்று உறவினர்கள் பேசுகிறார்கள். (ஒரு தந்தை, விழுப்புரம்)

பதில்: அந்தச் சொல் அவன் காதில் இனி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது, ஒவ்வொருவருக்கும் ஏற்ற இடத்திலிருந்து தொடங்குவதற்காகத்தான். அரும்பு நிலையில் இருப்பது இழிவன்று.

ஆயினும், வாய்மொழியில் தெளிவாக இருக்கும் குழந்தை, போதிய பயிற்சிக்குப் பிறகும் எழுத்தில் இந்த அளவுக்குத் தடுமாறினால் காரணத்தைக் கண்டறிய வேண்டும். முதலில் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதியுங்கள். அவற்றில் குறையில்லையெனில், டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று உளவியல் வல்லுநரிடமோ சிறப்புக் கல்வி ஆசிரியரிடமோ மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அறிவுத்திறன் நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கும் இது இருக்கும்; குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இதே சிரமம் இருந்திருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் பெற்ற மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தரும் உதவியாளர் போன்ற சலுகைகள் கிடைக்கின்றன.

மதிப்பீடு முடியும் வரையிலும் வீட்டில் பயிற்சியை நிறுத்த வேண்டாம். திண்ணைப் பள்ளிகளில் செய்தது போலத் தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பி, எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்யுங்கள். நாளுக்கு இரண்டு சொற்கள், பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அவன் சொல்லும் கதையைத் தாங்கள் எழுதிக்கொண்டு, அதையே அவனுக்குப் படிக்கும் பாடமாக்குங்கள். தன் சொற்களே என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனால் ஊகித்துப் படிக்க முடியும். வகுப்பாசிரியரைச் சந்தித்து, மற்றவர்கள் முன்னிலையில் அவனை உரக்கப் படிக்கச் சொல்வதைச் சில மாதங்களுக்குத் தவிர்க்குமாறும், விடைகளை வாய்மொழியாகக் கேட்குமாறும் எழுத்து மூலமாகவே வேண்டுகோள் கொடுத்துவிடுங்கள்.